யானை ஆடுது, சரி. ஏன் ஆடுதுன்னு யாராவது கேட்டீங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஒரு படம் போட்டிருந்தீங்க. கோயில் மண்டபத்துல யானை ஒண்ணு தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டு நிக்குது, கீழ "நாதஸ்வர இசைக்கு ஏற்ப நடனமாடி பக்தர்களை மகிழ்வித்த யானை"ன்னு ஒரு வரி. ஆன்லைன்ல அதே வீடியோவுக்கு பின்னாடி சினிமா பாட்டு வேற சேர்த்து விட்டிருக்கீங்க, லட்சக்கணக்குல ஆளுங்க பாத்து ஹார்ட்டு போட்டிருக்காங்க, "சோ க்யூட்"னு கமெண்ட்டு. ஒரு உதவி பண்ணுங்க, உங்க ஆபீஸ்ல யாரையாவது அந்த வீடியோவ சத்தத்த நிறுத்திட்டு முழுசா பாக்கச் சொல்லுங்க. நாதஸ்வரக்காரர் வாசிக்கிறத நிறுத்தி துண்டால முகத்த தொடைக்கிறாரு, யானை ஆடிக்கிட்டே இருக்கு. அதே வேகம், அதே பக்கம், தலை ஒரு தடவை, தும்பிக்கை ஒரு தடவை, முன்னங்கால் ஒரு தடவை, மறுபடி தலை. பின்னங்கால்ல சங்கிலி. அது நடனமும் இல்ல, சந்தோஷமும் இல்லைங்க.

நான் ரிட்டயர்டு கால்நடை டாக்டர். சர்வீஸ்ல முக்கால்வாசி மாடு, ஆடு, கோழிதான், ஆனா டெல்டா பக்கம் போஸ்டிங்னா கோயில் யானையையும் அப்பப்ப போய் பாக்கணும், எடை, நகம், பாதம், சாணி, தடுப்பூசி, ஒரு ரிப்போர்ட்டு. காட்டு யானை எக்ஸ்பர்ட்டுன்னு நான் சொல்லிக்க மாட்டேன். ஆனா கட்டிப்போட்ட மிருகம் எப்படி இருக்கும்ங்கறது எங்க தொழில்ல தெரிஞ்சே ஆகணும்.

இந்த மாதிரி ஒரே அசைவ திரும்பத் திரும்ப, எந்தப் பிரயோஜனமும் இல்லாம, மணிக்கணக்குல பண்றதுக்கு ஸ்டீரியோடைபின்னு பேரு. பேர விடுங்க, நீங்க எல்லாருமே இத பாத்திருக்கீங்க. ஜூவுல புலி கம்பி ஓரமா போய், அதே மூலைல திரும்பி, அதே இடத்துல அதே கால வச்சு, புல்லே தேஞ்சு மண் தெரியற அளவுக்கு ஒரு தடம் போட்டு வச்சிருக்கும். கரடி தலைய சுத்திக்கிட்டே இருக்கும். ஒட்டகச்சிவிங்கி செவுத்த நக்கும், குரங்கு தன் முடியையே பிடுங்கும், கூண்டுக் கிளி தன் இறகையே பிடுங்கிப் பிடுங்கி மார்பு வெறும் தோலா நிக்கும் (பச்சக்கிளிய வீட்ல வளக்குறது வனவிலங்கு சட்டப்படி குற்றம்ங்கறதே நம்ம ஊர்ல பாதி பேருக்கு தெரியாது, 2024-ல கடலூர் பக்கம் ஒரு கிளி ஜோசியக்காரர வனத்துறை புடிச்சப்பதான் பல பேரு அப்படியான்னு கேட்டாங்க). லாயத்துலயே கிடக்குற குதிரை கட்டைய கடிச்சு காத்த முழுங்கும், கட்டுத்தறில நார்த்தீனி கொறைஞ்ச மாடு நாக்க வெளிய விட்டு சுழட்டும். மாடு நாக்க சுழட்டுனா எங்க பக்கத்து விவசாயி அன்னைக்கே டாக்டர கூப்பிடுவாரு. யானை ஆடுனா மட்டும் நாம போன தூக்கி வீடியோ எடுக்குறோம்.

காட்டுல இருக்குற யானை இப்படி ஆடாது, ஆட அதுக்கு நேரமும் கிடையாது. ஒரு நாள்ல பதினாறு மணி நேரத்துக்கு மேல தின்னுக்கிட்டேதான் இருக்கும், 150 கிலோவுக்கு மேல புல்லு, மூங்கில், பட்டை, இலைன்னு, அதுவும் ஒரே இடத்துல நின்னு இல்ல, நடந்துக்கிட்டே, ஒடிச்சு, உரிச்சு, மண்ண தட்டி, தும்பிக்கைக்கும் வாய்க்கும் ஓயாத வேலை. பெண் யானையா இருந்தா அம்மா, பாட்டி, அக்கா தங்கச்சி, குட்டிங்கன்னு சாகுற வரைக்கும் கூட்டத்தோடதான். ஆண் குட்டிதான் வளந்தப்புறம் கூட்டத்த விட்டு போவும். நம்ம கோயில்கள்ல இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே பெண் யானைங்க, பெரும்பாலும் ஒத்த யானையா, கருங்கல் தரைல. காலைல கவளம் கொடுத்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, அப்புறம் நாள் பூரா அந்த தும்பிக்கைக்கு என்ன வேலை? பக்தர் தலைல வைக்கிறதும், காச வாங்கி பாகன்கிட்ட கொடுக்குறதும்தான். அந்த தும்பிக்கைல பல்லாயிரம் தசைக்கட்டு இருக்குங்க.

இன்னொரு விஷயம், நம்ம திருவிழா சத்தம். 1984-ல அமெரிக்காவுல போர்ட்லண்ட் ஜூவுல ஆசிய யானைங்க பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த கேட்டி பெய்ன்ங்கற அம்மா காத்துல ஏதோ அதிருற மாதிரி உணர்ந்தாங்க, அதுல இருந்துதான் யானைங்க மனுஷக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சத்தத்துல ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்குற சொந்தத்தோட பேசுறதுக்குன்னு அமைஞ்ச காது அது. அத கொண்டு வந்து வேட்டுக்கும் மைக் செட்டுக்கும் நடுவுல நிறுத்துறோம்.

சரி, ஆடுற யானை எல்லாம் இப்ப, இந்த நிமிஷம் கஷ்டத்துல இருக்குன்னு அர்த்தமா? அங்கதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும். சின்ன வயசுல தாய்கிட்ட இருந்து பிரிச்சு சங்கிலில போட்ட யானைய பின்னால நல்ல எடத்துக்கு கொண்டு போனாலும் பழைய ஆட்டம் சில சமயம் விடாது, தழும்பு மாதிரி தங்கிடும். பெரிய எடத்துக்கு மாத்தின மிருகம் பழைய கூண்டோட நீளத்துக்கே நடந்து திரும்புறது உண்டு. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி மட்டும் அரை மணி நேரம் அலையறது வேற, நாள் பூரா அலையறது வேற. அது மட்டும் இல்ல, ஒரே மாதிரி நிலைமைல இருக்குற ரெண்டு மிருகத்துல ஆடுறது ஓரளவு தாக்குப்பிடிச்சுக்கிட்டிருக்கும், ஒண்ணுமே பண்ணாம மூலைல கண்ண தொறந்து வச்சுக்கிட்டு கிடக்குறது அத விட மோசமா இருக்கும். ஆனா "சாதுவான யானை, யாரையும் ஒண்ணும் பண்ணாது"ன்னு பேர் வாங்குறது அந்த ரெண்டாவதுதான். அதனால ஒரு வீடியோவ பாத்து நானும் தீர்ப்பு சொல்ல மாட்டேன், எவ்வளவு நேரம், எப்ப, எதுக்கு முன்னாடி, எதுக்கு அப்புறம், எத்தன வருஷமான்னு கேட்டாதான் தெரியும். உங்க நிருபர் அதுல ஒண்ணக்கூட கேக்கல, அதுதான் என் கோபம்.

காவன்னு ஒரு யானை. 1985-ல இலங்கைல இருந்து குட்டியா பாகிஸ்தானுக்கு அன்பளிப்பா போச்சு, இஸ்லாமாபாத் ஜூ. கூட இருந்த சஹேலிங்கற பெண் யானை 2012-ல செத்துப்போச்சு, அதுக்கப்புறம் தனிக்கட்டை. செவுத்தப் பாத்துக்கிட்டு மணிக்கணக்கா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கும், உலகமே அந்தப் படத்த பாத்துச்சு. கோர்ட்டு சொல்லி 2020 நவம்பர்ல விமானத்துல ஏத்தி கம்போடியாவுக்கு அனுப்புனாங்க, அங்க போனப்புறம்தான் பல வருஷம் கழிச்சு இன்னொரு யானைய தும்பிக்கையால தொட்டுச்சு. பாகிஸ்தான் கதைய விடுங்க, நம்ம டெல்லில என்ன வாழுது? 1998-ல ஜிம்பாப்வேல இருந்து வந்த ஷங்கர்ங்கற ஆப்பிரிக்க யானை, கூட வந்த பெண் யானை சில வருஷத்துலயே போயிடுச்சு, அதுக்கப்புறம் ஒத்தையாவே நின்னு 2025 செப்டம்பர்ல செத்துப்போச்சு. இத்தனைக்கும் ஜூவுலயும் சர்க்கஸ்லயும் யானை வேண்டாம், காட்டு ஓரத்து முகாமுக்கு அனுப்புங்கன்னு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லயே சொல்லியாச்சு.

2008-ல சயன்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாலாயிரத்துக்கு மேல யானைங்களோட ரெக்கார்டு வச்சு பண்ணது. ஐரோப்பா ஜூக்கள்ல பொறந்த ஆசியப் பெண் யானைங்களோட சராசரி ஆயுசு 18.9 வருஷம். பர்மாவுல மரம் இழுக்குற யானைங்களுக்கு 41.7 வருஷம். மறுபடி ஒரு தடவை படிங்க, வேலை வாங்குற யானை, மரம் இழுக்குற யானை, டாக்டரும் ஹீட்டரும் வெயிட்டு மெஷினும் இருக்குற ஐரோப்பா யானைய விட ரெண்டு மடங்கு வாழுது. பர்மாவுல சாயந்திரம் ஆனா யானைய காட்டுக்குள்ள மேய விட்டுருவாங்க, ராத்திரி பூரா அதுவா தேடித் தின்னும், மத்த யானைங்களோட சேரும், காலைல மாவுத்தன் போய் தேடிப் பிடிச்சுக்கிட்டு வருவான். நம்ம முதுமலை தெப்பக்காடு முகாம்லயும் காலங்காலமா ராத்திரி மேய விடுற பழக்கம் உண்டு. வேலை குடுக்குறதுல பெரிய பாவம் இல்ல. நடை, தீனி, துணை மூணையும் பிடுங்கிக்கிட்டு "செல்லமா வளக்குறோம்"ங்கறதுதான் கொல்லுது. செல்லமா வளக்குறது யானை எடையிலயே தெரியும், பல கோயில் யானைங்களுக்கு வெல்லமும் பழமும் பொங்கலும் கொடுத்து கொடுத்து உடம்பு ஊதி, அந்த எடைய முழுக்க ஈரக் கருங்கல்லுல நிக்குற பாதம் தாங்கணும். அப்புறம் நகத்துல வெடிப்பு, பாதத்துல சீழ், மூட்டு தேய்மானம். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலைல நடைப்பயிற்சி போறப்ப ரோட்லயே விழுந்து செத்துச்சு. ஊரே அழுதுச்சு, நானும்தான் டிவி முன்னாடி கண்ண தொடச்சேன், எல்லாப் பேப்பர்லயும் முழுப் பக்கம். 32 வயசுங்க. அறுபது வருஷம் வாழக்கூடிய உயிர் முப்பத்திரெண்டுல ஏன் போச்சுன்னு கேட்டு ஒரு பத்தி எழுதுன பேப்பர் எத்தன?

அடுத்தது திருச்செந்தூர். 2024 நவம்பர் 18, தெய்வானைங்கற யானை தன்னோட பாகனையும் அவரோட உறவினரையும் கொன்னுச்சு. உறவினர் ரொம்ப நேரம் கிட்டத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாருன்னு அப்பவே செய்தி வந்துச்சு. மறுநாள் சில சேனல்ல "மதம் பிடித்த யானை"ன்னு ஓட்டுனாங்க. மதம்ங்கறது வளந்த ஆண் யானைக்கு வர்றது, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்குற சுரப்பில நீர் வழியும், மூத்திரம் சொட்டிக்கிட்டே இருக்கும், ஆண்மை ஹார்மோன் பல மடங்கு ஏறும், வாரக்கணக்குல சில சமயம் மாசக்கணக்குல இருக்கும். தெய்வானை பெண் யானை. மதம் பிடிச்சிருச்சுன்னு எழுதுனா விஷயம் முடிஞ்சுது, அப்புறம் அந்த யானை எத்தன மணி நேரம் கட்டுல இருந்துச்சு, அன்னைக்கு என்ன நடந்துச்சு, முந்தின நாளு எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. ரெண்டு நாள் கழிச்சு அதே சேனல்ல "பாகனை நினைத்து கண்ணீர் விடும் யானை". யானைக்கு நம்மள மாதிரி கண்ணீர்ச் சுரப்பி கிடையாது, கண்ல இருந்து மூக்குக்கு தண்ணி வடியற குழாயும் கிடையாது, அதனால கண்ணு ஈரமா இருக்க ஊறுற நீர் கன்னத்துலதான் வழியும், சந்தோஷமா இருந்தாலும் வழியும், தூங்குறப்பவும் வழியும். யானைக்கு துக்கம் இல்லைன்னு நான் சொல்லல, நிச்சயமா இருக்கு, செத்துப்போன யானையோட எலும்ப நின்னு தடவிப் பாக்குற மிருகம் அது. ஆனா துக்கத்த தேட வேண்டிய எடம் கன்னம் இல்ல. தீனி கொறைஞ்சுதா, படுத்து தூங்குதா, காத விசிறுதா இல்ல வெறைச்சு வச்சிருக்கா, வால் எப்படி இருக்கு, தும்பிக்கைய வாய்க்குள்ள வச்சுக்குதா, சாணி எப்படிப் போடுது, இதெல்லாம் பாக்கணும்.

ஜூ பக்கம் வர்றேன், ஏன்னா நம்ம பேப்பர்ல வண்டலூர் செய்தியும் அடிக்கடி வரும். அங்க நெலமை கோயில விட எவ்வளவோ பரவால்ல, அத சொல்லியே ஆகணும். 1855-ல எழும்பூர் மியூசியம் காம்பவுண்டுல, அந்த மியூசியத்த நடத்துன பால்ஃபர் ஆரம்பிச்சது, அப்புறம் பீப்பிள்ஸ் பார்க்குல கூண்டு கூண்டா இருந்தது, 1985-ல வண்டலூருக்கு போனப்பதான் மிருகங்களுக்கு மண்ணும் மரமும் அகழியும் கெடச்சுது. 1998-ல புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு இதயெல்லாம் சர்க்கஸ்ல ஆட்ட கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டு, 2001-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொன்னப்புறம், சர்க்கஸ் சிங்கங்கள பாத்துக்கிட்ட எடங்கள்ல வண்டலூரும் ஒண்ணு.

ஆனா பாக்க வர்ற நாம மாறல. சிங்கம் படுத்துக்கிடந்தா "சோம்பேறி", எழுப்ப ஒரு கல்லு. சிங்கம் காட்டுலயே ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் படுத்துதான் கிடக்கும் சாமி, அது ஆரோக்கியமான சிங்கம். பக்கத்துல புலி கம்பி ஓரமா விடாம நடந்துக்கிட்டிருந்தா "சூப்பரா ராஜநடை போடுது"ன்னு கைதட்டல். எல்லாம் தலைகீழ். எந்த மிருகம் காட்டுல எவ்வளவு தூரம் சுத்துமோ அதுதான் கூண்டுல அதிகமா அலையும்னு 2003-ல நேச்சர் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மாமிசம் தின்னுற மிருகங்கள மட்டும் ஒப்பிட்டுப் பாத்தது, அதுல ரொம்ப மோசமா பாதிக்கப்படுற வரிசைல முன்னாடி நின்னது பனிக்கரடி. ஆக இது எடத்தோட சதுர அடிக் கணக்கு மட்டும் இல்ல. மிருகத்தோட பொழப்பு என்னன்னு தெரியாம அது சந்தோஷமா இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது.

ஸ்விட்சர்லாந்துல ஹெடிகர்னு ஒருத்தர், ஜூ நடத்துறத ஒரு படிப்பாவே ஆக்குனவரு, 1940-கள்லயே எழுதி வச்சாரு. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு தூரக் கணக்கு இருக்கு, அந்தத் தூரத்துக்குள்ள மனுஷன் வந்தா ஓடணும்னு தோணும், ஓட எடம் இல்லைன்னா அடிக்கணும்னு தோணும்னு. அதனால கூண்டுக்குள்ள மறைவு வேணும், ஜனங்க நாலு பக்கமும் சூழ்ந்து நிக்கக் கூடாது, மிருகம் வேணாம்னு நெனைச்சா உள்ள போயிக்கிற வசதி வேணும். இத செஞ்சா என்ன ஆகும்? "டிக்கெட் காசு வேஸ்ட், புலியே தெரியல, வொர்ஸ்ட் மெயின்டனன்ஸ்"னு கூகுள்ல ஒத்த ஸ்டார் விழும். நான் அடிச்சு சொல்றேன், புலி கண்ணுக்கு தெரியாம புதருக்குள்ள படுத்துக்க முடியற ஜூதான் நல்ல ஜூ. வெள்ளைப் புலிய பாக்கணும்னு குடும்பத்தோட க்யூவுல நிக்குறோமே, 1951-ல ரேவா ராஜா புடிச்ச மோகன்ங்கற ஒத்தப் புலியோட வம்சத்துலயே சொந்தத்துக்குள்ள சொந்தமா கூட்டி கூட்டி உண்டாக்குனது அது, மாறுகண்ணும் நோஞ்சான் உடம்பும் கூடவே வர்றது, காட்டுப் புலிய காப்பாத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு எழுதறேன்.

வருஷா வருஷம் ஏப்ரல் மே வந்தா எல்லாப் பேப்பர்லயும் ஒரே படம் வரும், கரடிக்கு ஐஸ்ல வச்ச பழம், யானைக்கு ஷவர், குரங்குக்கு தர்பூசணி. நல்ல விஷயம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த ஐஸ்கட்டி குளிர்ச்சிக்கு மட்டும்னு நெனைச்சுக்கிட்டு எழுதுறீங்க. கரடி அந்த ஐஸ உருட்டி, நக்கி, கீறி, பழத்த வெளிய எடுக்க ஒரு மணி நேரம் மெனக்கெடுது பாருங்க, அந்த மெனக்கெடல்தான் மருந்து. பக்கத்துல சும்மா தட்டுல சாப்பாடு இருந்தாலும் உழைச்சு எடுக்கற சாப்பாட்டத்தான் பல மிருகம் தேடிப் போகுதுன்னு 1963-லயே எலிய வச்சு ஜென்சன்னு ஒருத்தர் காட்டிட்டாரு, அப்புறம் பல மிருகத்துலயும் பாத்தாச்சு. கரடிக்கு மரப்பொந்துல தேன், சிறுத்தைக்கு உசரத்துல தொங்க விட்ட கறி, யானைக்கு வலைல கட்டி மேல தூக்கி வச்ச புல்லு, வேற மிருகத்தோட வாசனை தடவின கட்டை, இதுக்குத்தான் செறிவூட்டல்னு பேரு, இதெல்லாம் பெரிய செலவு இல்ல. ஒரே கண்டிஷன், மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரே டயர நாலு வருஷமா தொங்க விட்டு வச்சுட்டு "செறிவூட்டல் செய்துள்ளோம்"னு ஃபைல்ல எழுதுனா அது செவுத்துக்கு சமம். அதனால கோடைல ஐஸ் படம் போடுங்க, கூடவே டிசம்பர்ல என்ன குடுக்குறாங்கன்னும் கேளுங்க.

அடிக்காம பழக்குறது சாத்தியமான்னு என்கிட்ட பாகன்களே கேட்டதுண்டு. 2021 பிப்ரவரில தேக்கம்பட்டி புத்துணர்வு முகாம்ல ஸ்ரீவில்லிபுத்தூர் யானை ஜெயமால்யதாவ மரத்துல கட்டி ரெண்டு பேரு வெளுத்த வீடியோ வந்து நாடே பாத்துச்சே, அது புத்துணர்வு முகாமுக்குள்ளயே நடந்தது. அடிச்சாதான் கேக்கும்ங்கறது பாகனோட குரூரம் மட்டும் இல்ல, பயம். யானை கட்டு மீறிப்போச்சுன்னா தன் உயிர் போயிடும்னு பயம், வேற வழிய யாரும் காட்டிக் கொடுக்கலங்கறதும் இருக்கு. வெளிநாட்டு நல்ல ஜூக்கள்ல யானைக்கும் ஆளுக்கும் நடுவுல எப்பவும் ஒரு தடுப்பு, யானை தானா வந்து தடுப்பு ஓட்டைல கால நீட்டும், நகம் வெட்டிக்கிட்டு பழம் வாங்கிக்கும், காத கொடுத்து ரத்தம் எடுக்க விடும், வேணாம்னா திரும்பிப் போயிடும், யாரும் அடிக்க மாட்டாங்க. போறதுக்கு அதுக்கு உரிமை இருக்கறதாலதான் மறுபடி வருது. யானை புத்திசாலி அதனால முடியும்னு சொல்லாதீங்க. ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-ல ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்சது, அங்க முதலைங்களையே இப்படி பரிசு கொடுத்து பழக்கியிருக்காங்க, பேர் சொல்லி கூப்பிட்டா வர்ற அளவுக்கு. முதலையே அடிக்காம பழகுதுன்னா யானைக்கு அங்குசம் எதுக்கு?

2023-ல மதுரை ஐகோர்ட் கிளை இனிமே கோயிலோ தனியாரோ புதுசா யானை வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நல்லது. ஆனா இப்ப இருக்குற யானைங்க இன்னும் பல வருஷம் நம்ம நடுவுலதான் இருக்கும், எல்லாத்தையும் நாளைக்கே திருச்சி எம்.ஆர்.பாளையத்துல இருக்குற வனத்துறை யானை முகாமுக்கு ஏத்தி அனுப்பிடவும் முடியாது. காஞ்சிபுரம் யானைங்க மூணு அங்கதான் இருக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு துணையா, ஒத்தையா விடாம மூணையும் சேத்து அனுப்புனதே பெரிய விஷயம். மத்ததுக்கெல்லாம் அதுங்க இருக்குற எடத்துலயே மண் தரை, சங்கிலி இல்லாத கொட்டகை, ராத்திரிக்கும் தீனி, தெனம் நீளமான நடை, முடிஞ்சா பக்கத்து ஊர் யானையோட சேர்த்து குளிக்க விடுறது, இதெல்லாம் செய்யலாம், அறநிலையத்துறை மனசு வச்சா போதும். தமிழ்நாட்டுல 2011-ல இருந்தே இதுக்குன்னு தனி விதிமுறை இருக்கு. அந்தந்த கோயில்ல அத எவ்வளவு பின்பத்துறாங்கன்னு உங்க மாவட்ட நிருபருங்க ஒரு நாள் போய் பாத்து எழுதுனா, பத்து நடன வீடியோவ விட அது அதிகமா ஓடும்னு நெனைக்கிறேன். ஓடலைன்னாலும் எழுதுங்க.

பாகன்களப் பத்தியும் எழுதுங்க. யானை செத்தா முழுப் பக்கம், பாகன் செத்தா நாலு வரி. தெப்பக்காட்டுல குறும்பர், இருளர், ஆனைமலை கோழிகமுத்தி முகாம்ல மலசர்னு தலைமுறை தலைமுறையா யானையோட வாழ்ந்தவங்க இருக்காங்க, காது அசையற விதத்துல அன்னைக்கு யானைகிட்ட போலாமா வேணாமான்னு சொல்லிடுவாங்க, நாங்க டாக்டருங்க ஸ்டெதாஸ்கோப்ப எடுக்குறதுக்குள்ள. 2023-ல தமிழ்நாடு அரசு முகாம் பாகன்கள், காவடிகள் (உதவிப் பாகன்கள்)னு 13 பேர தாய்லாந்துக்கு பயிற்சிக்கு அனுப்புச்சு. போய் வரட்டும், தப்பில்ல. அதே மாதிரி இவங்க அறிவ கோயில் பாகன்களுக்கு சொல்லிக் கொடுக்க ஒரு ஏற்பாடு ஏன் இல்ல? கோயில் பாகன் பாதி பேரு அப்பாவோ மாமாவோ பண்ணத பாத்து கத்துக்கிட்டவங்க, காட்டு யானை கூட்டமா எப்படி இருக்கும்னு ஒரு தடவை கூட நேர்ல பாக்காதவங்க. உங்க பேப்பர் தெப்பக்காட்டுலயோ கோழிகமுத்திலயோ ஒரு மூத்த மாவுத்தன உக்கார வச்சு வாரத்துக்கு ஒரு நாள் பேச வச்சு அப்படியே போடலாம், என்ன பாத்தீங்க, எத வச்சு சொல்றீங்கன்னு கேட்டு. எழுத ஆள் வேணும்னா நான் ரெடி, காசு வேண்டாம், பஸ் டிக்கெட் மட்டும் பாத்துக்குங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.